மண்மேட்டு நாற்காலி

பாக்கியநாதன் மூப்பர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் முச்சக்கரவண்டி ஓட்டும் நிமல். அன்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக்கை முடித்துக்கொண்டு, மருந்துப் பையோடு எங்கள் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார் நிமல். வழக்கமாக, "அங்கிள், மேல வரைக்கும் நடக்கவா போறீங்க? காலு இரும்பா?" என்று கேலி பேசுகிறவர். அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், நம்ம சீயா நெதிவுணா" என்றார். சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா; நெதிவுணா என்றால் இறந்துவிட்டார். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அவர் சபையின் மூப்பர்; சந்தியில் உள்ள சிங்களவர்களுக்குச் சீயா.

நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்.

"அப்போ மண்ணுமேல யாரு உக்கார்றது?" என்று கேட்டுவிட்டேன்.

நிமல் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் பலமுறை வந்திருக்கிறார். அவருக்கு விளங்கியது. "ஏன், நீங்கதான்" என்றார்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்காகச் சபையார் அச்சிடும் இந்த மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலர் மூப்பரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆனால் கொழும்பிலிருந்து வரும் அவருடைய சொந்தக்காரர் சிலருக்கு நான் கேட்ட கேள்வி விளங்காது. அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

குருவிட்டவுக்கு மேலே இருக்கிறது எங்கள் ரப்பர் தோட்டம். ஓடைக்கு மேற்புறச் சரிவில் தகரக் கூரை போட்ட சிறிய ஆலயம். அதற்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். இந்தப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால் களிமண்ணுக்குக் கீழே கூழாங்கல் படிவு ஒன்று வரும். சிங்களத்தில் அதை 'இல்லம' என்பார்கள். மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் தேடுவது அதைத்தான். மற்ற இடங்களில் அதை எட்ட இருபது முப்பது அடி இறங்கவேண்டும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அது ஆறடியிலேயே வந்துவிடுகிறது. அதாவது, எங்கள் சபையில் ஒருவர் இறந்தால் ஒரு மாணிக்கக் குழி வெட்டப்படுகிறது.

குழி வெட்டி முடித்த பிறகு ஊர்வலம் வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை அந்த மண் குவியல் சும்மா கிடக்கும். மூப்பர் அதன்மேல் ஒரு நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்துவிடுவார். குவியலிலிருந்து ஒரு கல்கூட வெளியே போகக்கூடாது. எல்லாம் திரும்பவும் பெட்டியின்மேல் போகவேண்டும். அடக்கம் முடிந்ததும், குழி வெட்டியவர்களும் மண் போட்டவர்களும் கைகளை விரித்து, சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் போகலாம். முதலில் இழுத்துக் காட்டுகிறவர் அவர்தான். நாற்பது வருடங்களுக்கு மேலாக இது எங்கள் வழக்கம். வேறெந்தச் சபையிலும் இப்படி ஒன்று இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த நாற்காலி விஷயத்தில்தான் அவருக்கும் எனக்கும் முதல் தகராறு. மண் குவியல் சரிவாக இருப்பதால் நாற்காலி முன்பக்கம் சாய்ந்தது. மூப்பர் என்ன செய்தார்? ஆலயத்து நாற்காலி ஒன்றை எடுத்துப்போய், அதன் பின்னங்கால் இரண்டையும் வாளால் அறுத்துக் குட்டையாக்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெட்டுவதற்கு அவருக்கு யோசனை தேவைப்படாது. நான் ஃபேக்டரியில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் இருந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தைக் கடையில் சாமான் சுற்றித் தரும் பத்திரிகைத் தாள்களிலிருந்து நானாகவே படித்துக்கொண்டேன். அதனால், தப்பு என்று பட்டதை எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 'சபையின் சொத்தைச் சேதப்படுத்தியமை பற்றி' என்று தலைப்பிட்டுப் போதகருக்கு இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தேன். கமிட்டிக் கூட்டத்தில் போதகர் அதை வாசித்தார். மூப்பர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாற்காலிதான் சாஞ்சிருச்சு. தம்பி எழுத்து எவ்வளவு நேரா நிக்கிது பாருங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அறுக்குமுன் கமிட்டியில் கேட்டிருக்கவேண்டும் என்பது இன்றைக்கும் என் கருத்து.

அவர் ஏன் இந்தக் காவலைத் தொடங்கினார் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று சொன்னார். அன்று ஆலயத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"எங்கப்பாவ அடக்கம் பண்ணையில எனக்கு இருவது வயசு. மண்ணுல ஒரு கல்லு பளிச்சுன்னு கெடந்துச்சு. எடுத்துட்டேன். பையில போட்டா கண்டுபுடிச்சிருவாங்கன்னு வாயில போட்டுக்கிட்டேன். நாக்குக்குக் கீழ. அந்த நேரம் பாத்துப் பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க. எங்கப்பாவுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு. என்னால வாயத் தொறக்க முடியல. பொம்பளைங்க எல்லாம், 'ஐயோ, புள்ளைக்குத் துக்கத்துல வாயடைச்சுப் போச்சே'ன்னு என்னையக் கட்டிப் புடிச்சு அழுவுறாங்க. நான் கல்லச் சப்பிக்கிட்டு நிக்கிறேன்."

ஆலயம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"கடைசிப் புடி மண்ணு போடையில அதையும் சேத்துத் துப்பிட்டேன். அது என்னா கல்லுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கல்லு போனது போவட்டுங்க. எங்கப்பாவுக்கு அந்தப் பாட்ட நான் பாடலியே. அத இனி எப்பப் பாடுறது?"

அதன் பிறகுதான், அடக்க ஆராதனையில் அவர் ஏன் எல்லோருடைய வாயையும் பார்க்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. பாடாமல் நிற்கிறவனைக் குடை நுனியால் தட்டி, "பாடு, ராகம் போனா போவுது, வாய் தொறந்தா போதும்" என்பார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சபையாகச் சொல்லும்போதும், ஆசையில் விழாதபடி காக்கச் சொல்லும் 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்ற இடம் வந்தால் அவர் குரல் மட்டும் கூரைக்கு ஏறும்.

கூரை என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சில வருடங்களுக்கு முன்பு டவுனிலிருந்து ஒரு மாணிக்கத் தரகர் வந்தார். கல்லறைத் தோட்டத்தின் கீழ் மூலையில் யாரையும் அடக்கம் செய்யவில்லை. அந்த மூலையை மட்டும் தோண்ட விட்டால் ஆலயத்துக்குப் புதுக் கூரை, தரைக்கு டைல்ஸ், ஒரு மணி, எல்லாம் போட்டுத் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர், கேக் பெட்டியோடு வந்தார். கமிட்டியில் நான் அவர் பக்கம் பேசினேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

"கர்த்தருடைய வீடு ஒழுகுது. கீழ் மூலையில ஒரு மனுசன்கூட படுக்கல. தோண்டினா என்னா?" என்று கேட்டேன்.

"தோண்டலாம் தம்பி" என்றார் மூப்பர். "கல்லு வந்தா, இன்னும் வரும்னு அடுத்த மூலையத் தோண்டுவோம். வராட்டி, அங்க வரும்னு அடுத்த மூலையத் தோண்டுவோம். எங்க நிப்பாட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்க, நானும் கை தூக்குறேன்."

பேச்சைக் கூரைக்குத் திருப்பி, "அப்போ கூரைய என்னா செய்யிறது?" என்றேன்.

"கூரை ஒழுகினா வாளி வைக்கலாம். மனுசன் ஒழுகினா எத வைக்கிறது?"

கேக்கைச் சாப்பிட்டோம், மூலையைக் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு மழை. நான் உட்காரும் மூன்றாவது பெஞ்சுக்கு நேர் மேலேதான் கூரை ஒழுகும். மூப்பர் தன் வீட்டிலிருந்து நீல வாளி ஒன்றைக் கொண்டுவந்து, மரியாதையாக என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பிரசங்கம் முழுவதும் என் காதில் சொட்டுச் சத்தம்தான். கூரை இன்றும் ஒழுகுகிறது. வாளியும் அங்கேதான் இருக்கிறது. நானும் பெஞ்சை மாற்றவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

என் அண்ணன் தாவீது இறந்தபோது, அடக்கம் முடியும் நேரத்தில் மூப்பர் என்னிடம் வந்தார். பெட்டி மூடி, மண் பாதிக்கு மேல் போட்டாகிவிட்டது. நான் சொந்தத் தம்பி, முதல் பிடி மண் போட்டவன். எல்லோர் முன்னிலையிலும், "தம்பி, பை" என்றார்.

வழக்கம்தான். ஆனால் என்னிடமா? என் அண்ணன் குழியிலா? இரண்டு பைகளையும் இழுத்துக் காட்டினேன். ஒரு கைக்குட்டை, பஸ் டிக்கட், இரண்டு பெப்பர்மின்ட். அவ்வளவுதான். அதோடும் அவர் விடவில்லை. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, "கால எடுங்க தம்பி, மண்ணத் தள்ளணும்" என்றார். நான் அசையாமல் நின்றேன். அவரும் நின்றார். பிறகு காலை எடுத்துக்கொண்டு, ஜெபத்துக்குக்கூட நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று வருடம் நான் அவரோடு பேசவில்லை. ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், நான் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சந்திக் கடையில் அவரைப் பற்றி நான் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கும். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

மூன்றாம் வருடம் கிறிஸ்மஸுக்கு மறுநாள், காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிஸ்கட் டின்.

"உள்ள கொக்கிஸ் இருக்கு. மக சுட்டது. எனக்குச் சீனி ஏறிக் கெடக்கு, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு. வீட்டுல இருந்தா கை போயிரும். நீங்க வச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"ஏன், ஊருல வேற ஆளு இல்லியா?" என்றேன். மூன்று வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"மத்தவங்க எல்லாம் பாவம்னு குடுத்துருவாங்க. நீங்க ஒருத்தர்தான் என்மேல கோவமா இருக்கீங்க."

அச்சு முறுக்கு போன்ற அந்தப் பலகாரம் இருந்த டின்னை வாங்கி வைத்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு வந்துவிட்டார்.

"ஒன்னே ஒன்னு குடுங்க."

"குடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது காலையில வந்த பாக்கியநாதன். அவனுக்கு வயிறு நெறஞ்சிருந்துச்சு. இது நாலு மணி பாக்கியநாதன்."

"அவனுக்கும் கெடையாது."

"கல்நெஞ்சுக்காரன்!" என்று திட்டிவிட்டு, ஓடைப் பாலம்வரை சிரித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு வருவார், கேட்பார், திட்டுவார், சீனி போடாத தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். டின் காலியான பிறகும் வருவது நிற்கவில்லை. கோபம் தீராமலே ஒரு மனிதரோடு சிநேகமாக இருக்க முடியும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு நான் நான்கு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். கடைசியாகப் பார்த்த அன்று, மகள் ரூபி குழாயடிக்குப் போயிருந்தாள். மூப்பர் தலையணையில் சாய்ந்துகொண்டு, "நாற்காலி பின்னுக்கு இருக்கு. போகையில எடுத்துட்டுப் போயிருங்க. இனி நீங்கதான் உக்காரணும்" என்றார்.

"நான் மாட்டேன். அத்தன பேருக்கு முன்னால என் பைய இழுக்கச் சொன்ன ஆளு நீங்க."

"பையில ஒன்னும் இல்லன்னு எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா ஏன் கேட்டீங்க?"

"எல்லார்கிட்டயும் கேக்குறதத்தான் கேட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "காலுதான் நேரமெடுத்துச்சு."

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

உங்களுக்கும் இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று என் வலது சப்பாத்துக்குக் கீழே ஒரு கல் இருந்தது. புளியங்கொட்டை அளவு, ஈரத்தில் நீலமாகத் தெரிந்தது. மண் தள்ளும்போது அது உருண்டு வந்தது. நான் அதன்மேல் காலை வைத்தேன். மறுநாள் காலை பூ வைக்க வருவதுபோல வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் அண்ணன் குழி முழுதாக மூடப்படுமுன் நான் நினைத்தது அதைத்தான். மூப்பர் அதைப் பார்த்துவிட்டார். நான் காலை எடுத்ததும் மண்வெட்டியால் ஒரு தள்ளு. கல் உள்ளே போய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சந்தியில் நான் அவரை ஏசியபோதும், தூணைப் பார்த்து நின்றபோதும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியே இதை இந்த மலரில்தான் படிக்கப்போகிறாள்.

"அப்போ, ஆசப்பட்டவனையா காவலுக்கு உக்கார வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஆச இல்லாதவன உக்கார வச்சா தூங்கிருவான்" என்றார். "இத்தன வருசம் நான் ஏன் கண்ண மூடாம உக்காந்திருந்தேன்னு நெனைக்கிறீங்க? உங்களப் பாத்துக்கிறதுக்கா? இன்னைக்கும் ஈரக் கூழாங்கல்லப் பாத்தா என் நாக்கு ஊறுது, தம்பி."

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ரூபி வாறதுக்குள்ள அந்த அலமாரியில இருந்து ஒரு கொக்கிஸ் எடுங்க" என்றார்.

"முடியாது."

"சரியான ஆளுதான்" என்றார், மிகுந்த திருப்தியோடு. வீட்டுக்குத் திரும்பும்போது பின்பக்கத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். நான்காம் நாள் அவர் போய்விட்டார். ஒன்றைக் கொடுத்திருக்கலாமே மாமா என்று ரூபி பிறகு சொன்னாள். கொடுத்திருந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டிருப்பார் என்றேன்.

அடக்கத்தன்று காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். குழி வெட்டியது செல்வராஜ். மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவன். எங்கள் ஊரில் அவனைப்போலச் சுவர் சரியாமல் வெட்ட ஆளில்லை. ஆறடி போனதும் உள்ளேயிருந்து சத்தம் போட்டான்.

"மாமா! இங்க வந்து பாருங்க! என்னா இல்லம! மூனு மாசமா எங்க குழியில தோண்டுறோம், இப்படி ஒரு கூடை வரல!"

"மேல போடு."

"ஒரே ஒரு கூடை ஓடையில கழுவிப் பாப்போமா மாமா? சும்மா பாக்கத்தான். பாத்துட்டுத் திரும்பக் கொண்டாந்து போட்டுருவோம்."

அவனைக் குறை சொல்ல நான் யார்? அதே ஆசை எனக்கும் வந்தது. பார்ப்பது மட்டும்தானே என்று என் மனமும் சொன்னது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை, மூப்பர் பெட்டிக்குள். அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். குவியலின்மேல் ஏறி, நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

"அவ்வளவுதான், உக்காந்துட்டாரு" என்று முணுமுணுத்தபடி செல்வராஜ் மண்ணைத் தொடர்ந்து வெட்டிப் போட்டான்.

ஊர்வலம் வாசலுக்கு வந்தபோது லேசாகத் தூறல். ஈரம் பட்டதும் என் காலடியில் ஏதோ மின்னியது. என்னவென்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின்மேல் வைத்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. நாற்காலி, நான், குடை மூன்றும் சேர்ந்து சரிவில் வழுக்கிக் குழியின் விளிம்புக்கு வந்துவிட்டோம். செல்வராஜ் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தான்.

"அவசரப்படாதீங்க மாமா, இது உங்க குழி இல்ல!"

பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டியைக் கீழே இறக்கினார்கள். அழுதுகொண்டு வந்த ரூபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போதகர் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் சேற்றோடு திரும்ப ஏறி உட்கார்ந்தேன்.

எந்தப் பாட்டு என்று போதகர் முந்தின நாளே கேட்டிருந்தார். மூப்பர் தன் அப்பாவுக்குப் பாடாமல் விட்ட பாட்டைச் சொல்லியிருந்தேன். எனக்குக் குரல் கிடையாது. ராகம் ஒருபக்கம், நான் ஒருபக்கம். ஆனாலும் மேட்டில் இருந்தபடி வாயை அகலத் திறந்து பாடினேன், உள்ளே எதுவுமில்லை என்பது பெட்டிக்குள் இருக்கிறவருக்கும் தெரியட்டும் என்று.

மண் மூடியதும், யாரும் கேட்குமுன் பைகளை இழுத்துக் காட்டினேன். பிறகு சப்பாத்து இரண்டையும் கழற்றி, ஒன்றோடொன்று அடித்து மண்ணைக் குழிமேட்டில் உதிர்த்தேன்.

"சப்பாத்த யாரு மாமா கேட்டா?" என்றான் செல்வராஜ்.

"நான்தான் கேட்டேன்" என்றேன்.

நாற்காலி இப்போது என் வீட்டில் இருக்கிறது. சமதரையில் அது பின்னால் சாய்கிறது. உட்கார்ந்தால் கூரையைத்தான் பார்க்கவேண்டும். முன்னங்காலையும் அறுத்துச் சரிப்படுத்தச் சொல்கிறாள் என் மனைவி. முடியாது என்றுவிட்டேன். அது எங்கே போடவேண்டிய நாற்காலி என்பது எனக்குத் தெரியும். மூப்பரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், என் ஆசையை நம்பாதே என்ற ஒரு பயமும்தான். அறுக்குமுன் கமிட்டியில் கேட்டிருக்கவேண்டும் என்பதில் மாற்றமில்லை.

என் முறை வரும்போது யார் உட்காருவது என்று சபையார் கூட்டம் போட்டுக் குழம்ப வேண்டாம். இப்போதே எழுதிக் கொடுக்கிறேன். செல்வராஜ் உட்காரட்டும். அந்தக் கூழாங்கல்லைக் கண்டால் அவனுக்குக் கண் மின்னுகிறது. அவன் தூங்கமாட்டான்.